போரான் அரசியின் பொற்காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பாரசீக வெள்ளிக் காசுகளைப் பற்றி எழுதியபோது, போரான் என்ற அரசி தன் முகத்தைப் பொறித்துப் பொற்காசு வெளியிட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்திலேயே, பாடத்தில் இவருக்கு அரைப் பக்கமாவது கிடைக்காதா என்று ஆசைப்பட்டவள் நான். இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

பாரசீகம் என்றால் டேரியஸ், செர்க்ஸஸ் என்றுதான் படித்திருக்கிறோம். உண்மையிலேயே ஒரு பெண் அந்த நாட்டை ஆண்டாரா, அல்லது ராஜாவின் மனைவியை மரியாதைக்காக அரசி என்கிறார்களா?
– வாசகி, பாளையங்கோட்டை

ஆண்டார். சொல்லப்போனால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் ஆண்டார்கள். போரான் மூத்தவர், ஆசர்மிதுக்த் இளையவர். இருவரும் சாசானியப் பேரரசர் இரண்டாம் குஸ்ரோவின் மகள்கள். பாரசீக மொழியில் போரானைப் பூராந்துக்த் என்றும் சொல்வார்கள்.

டேரியஸுக்கும் இவர்களுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. சாசானிய அரசு கி.பி. 224-இல் முதலாம் அர்தஷீர் நிறுவியது. தலைநகர் டெசிபோன், இன்றைய பாக்தாத்துக்குச் சற்றுத் தெற்கே டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இருந்தது. இரண்டாம் குஸ்ரோ 590 முதல் 628 வரை ஆண்டார். அவருடைய படைகள் 614-இல் ரோமர்களிடமிருந்து ஜெருசலேமைப் பிடித்தன, அப்புறம் எகிப்தையும் பிடித்தன. ஆனால் ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் திருப்பி அடித்தார். 627 டிசம்பரில் நினிவே பக்கத்தில் பாரசீகப் படை தோற்றது. இரண்டே மாதத்தில், 628 பிப்ரவரியில், குஸ்ரோவை அவர் பெற்ற மகனே பதவியிலிருந்து இறக்கிக் கொல்ல வைத்தார்.

அந்த மகன் பெயர் ஷீரோயே. இரண்டாம் கவாத் என்று முடிசூடினார். முடிசூடிய கையோடு தன் சகோதரர்களையும் கொன்று தீர்த்தார். அரபு வரலாற்றாசிரியர் தபரி இதற்குப் பிறகு ஒரு காட்சியைச் சொல்கிறார். கொலை நடந்த பிறகு போரானும் ஆசர்மிதுக்தும் அண்ணன் முன்னால் போய் நின்று, பதவி ஆசையில் அப்பாவையும் உடன்பிறந்தவர்களையும் கொன்றாயே என்று முகத்துக்கு நேரே கேட்டார்களாம். அவர் அழுது, தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி எறிந்தாராம். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அரண்மனையில் கேள்வி கேட்டவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான். போரான் அரியணைக்கு வருவதற்கு முன்பே அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குச் சொன்ன இடம் இது.

கவாத் சில மாதங்களிலேயே கொள்ளை நோயில் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஏழு வயது மகன் மூன்றாம் அர்தஷீரை அரியணையில் உட்கார வைத்தார்கள். 630 ஏப்ரலில் ஷஹர்பராஸ் என்ற தளபதி (ஜெருசலேமைப் பிடித்தாரே, அவரேதான்) அந்தக் குழந்தையைக் கொன்றுவிட்டுத் தானே அரசர் என்றார். அவர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரே அல்ல. நாற்பது நாள் சொச்சம்தான், அவரையும் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் போரான் வருகிறார். ஆண் வாரிசுகளையெல்லாம் அண்ணனே முடித்துவிட்டதால் குஸ்ரோவின் ரத்தத்தில் மிச்சமிருந்தவர்களில் மூத்தவர் அவர்.

வந்து என்ன செய்தார் என்பதையும் தபரி சொல்கிறார். இடிந்து கிடந்த கல் பாலங்களையும் படகுப் பாலங்களையும் சரிசெய்யச் சொன்னார். நிலவரி பாக்கியைத் தள்ளுபடி செய்தார். வெள்ளிக் காசு அச்சிட உத்தரவிட்டார். நாடு முழுக்கக் கடிதம் அனுப்பினார். ஆண்களின் வீரத்தாலும் தந்திரத்தாலும் மட்டும் நாடு பிடிபடுவதில்லை, எல்லாம் கடவுள் அருள் என்ற பொருளில். ரோமர்களோடு சமாதானத்தை உறுதிப்படுத்த, பாரசீகக் கிறிஸ்தவர்களின் கிழக்குத் திருச்சபைத் தலைவர் இரண்டாம் இஷோயாபின் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அவர்கள் 630-இல் அலெப்போவில் ஹெராக்ளியஸைச் சந்தித்தார்கள். கால் நூற்றாண்டுப் போரும் கொள்ளை நோயும் தின்று தீர்த்த நாட்டில், முதல் வேலையாக வரி பாக்கியையும் பாலத்தையும் பார்த்தவரை மரியாதைக்கு அரசி என்று சொல்ல முடியாது. அவர் ஆண்டவர்.

காசில் இருப்பது பெண் முகம்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய காசுகளில் எல்லா முகமும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது.
– வாசகர், மேட்டூர்

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, என்னிடம் இருக்கும் ஒரு காசை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டேன். போரானின் காசு இல்லை, அவருடைய அப்பா இரண்டாம் குஸ்ரோவின் வெள்ளித் திரம்மம். குஸ்ரோ ஏராளமாக அச்சிட்டதால் இது சேகரிப்பாளர்கள் கையில் சாதாரணமாகவே கிடைக்கும்.

கையில் எடுத்தால் முதலில் ஆச்சரியப்படுத்துவது அதன் மெலிவு. விட்டம் மூன்று சென்டிமீட்டர் இருக்கும், எடை நாலு கிராம்தான், அப்பளம் மாதிரி. ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் அரசர். தலையில் இரண்டு சிறகு வைத்த கிரீடம், உச்சியில் பிறையும் நட்சத்திரமும். முகத்துக்கு முன்னால் அவர் பெயர், தலைக்குப் பின்னால் 'ஒளி பெருகுக' என்ற வாழ்த்து. சுற்றிலும் புள்ளி வளையம், வளையத்துக்கு வெளியே மூன்று திசையில் பிறைக்குள் நட்சத்திரம். மறுபக்கம் நெருப்புப் பீடம், அதன் இரு பக்கமும் காவலாக ஒவ்வொருவர். இடது ஓரத்தில் ஆட்சி ஆண்டு, வலது ஓரத்தில் அச்சிட்ட ஊரின் சுருக்கெழுத்து.

போரானின் வெள்ளிக் காசும் இதே அமைப்புதான். அப்பாவின் காசு மாதிரியையே திரும்பக் கொண்டுவந்தார். சந்தையில் ஜனங்களுக்குப் பழகிய காசு அது, அதனால் கை மாற்றும்போது யாரும் தயங்க மாட்டார்கள். சரி, எங்கே வித்தியாசம்? முகத்தைப் பாருங்கள். தாடி இல்லை, மீசை இல்லை. குஸ்ரோவுக்குக் கழுத்துக்குப் பின்னால் கொத்தாகத் திரண்டிருக்கும் முடி, இவருக்கு நீளப் பின்னல்களாகத் தோள் பக்கம் இறங்குகிறது. சிறகு வைத்த கிரீடம் அப்படியே இருக்கிறது. முகத்துக்கு முன்னால் 'போரான்' என்று பெயர் இருக்கிறது. சாசானிய அரசர்கள் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு கிரீடம் வைத்துக்கொள்வார்கள், அதை வைத்தே காசு யாருடையது என்று சொல்லிவிடலாம். ஆகவே இந்தப் பெண் கிரீடத்தோடு இருக்கிறார் என்றால், அவர் ஆட்சியில் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தங்கை ஆசர்மிதுக்தின் காசைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அவர் பெயர் பொறித்த வெள்ளிக் காசில் இருப்பது தாடி வைத்த ஆண் முகம்! அப்பா குஸ்ரோவின் அச்சையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அவரோடு அதிகாரத்துக்குப் போட்டியிட்ட ஒரு தளபதியின் முகம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. சில மாத ஆட்சியில் புது அச்சு வெட்ட நேரம் ஏது? எப்படியிருந்தாலும் பெண் பெயரும் ஆண் முகமும் ஒரே காசில் போகலாம் என்று காசு அச்சிடும் அக்கசாலையில் யாரோ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அக்காவும் அப்படியே விட்டிருக்கலாம். அவர் தன் முகத்தை வெட்டச் சொன்னார்.

அந்தப் பொற்காசில் என்னதான் எழுதியிருக்கிறது? வெள்ளி இருக்கும்போது பொன் எதற்கு?
– வாசகி, காரைக்குடி

புழக்கத்துக்காக அல்லாமல் சிறப்புக் காசாக அச்சிட்டது அது. அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். போரானின் வெள்ளியே குஸ்ரோவின் வெள்ளியைப் போல எளிதில் கிடைக்காது. பொன் மிகமிக அரிது.

அதில் பஹ்லவி என்ற அந்தக் காலத்துப் பாரசீக எழுத்தில் இருக்கும் வாசகம்: 'போரான் இ யஸ்தான் தோஹ்ம் வினார்தார்'. தெய்வங்களின் குலத்தை மீண்டும் நிலைநிறுத்திய போரான் என்று பொருள்.

இதை ஒரு சாதாரணப் புகழ்மாலை என்று தள்ளிவிடாதீர்கள். சாசானியரின் தொடக்க கால அரசர்கள் தங்களைத் தெய்வங்களின் வழி வந்தவர்கள் என்று காசில் எழுதிக்கொண்டார்கள். நாலாம் நூற்றாண்டில் இரண்டாம் ஷாபூருக்குப் பிறகு அந்தப் பேச்சு காசிலிருந்து மறைந்துபோனது. குஸ்ரோவின் காசில் கூட 'ஒளி பெருகுக' என்றுதான் இருக்கிறது, தெய்வக் குலம் என்று இல்லை. ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டு யாரும் எடுக்காத சொல்லை இந்தப் பெண் எடுக்கிறார்.

ஏன் எடுத்தார் என்பதற்கு, அவருக்கு முந்தைய நாற்பது நாளைப் பார்த்தால் போதும். குலத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தளபதி அரியணையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் எத்தனை தளபதிகள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. இப்போது அந்தப் பிரபுக்களிடமும் தளபதிகளிடமும் என்ன சொல்ல வேண்டும்? 'நான் பெண், ஆனால் குலம் என் வழியாகத்தான் தொடர்கிறது, உங்களில் யாருக்கும் அது கிடையாது' என்பதைத்தான். அதைத் தெருவில் காய்கறி வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு வெள்ளியின் எடை சரியாக இருந்தால் போதும். சொல்ல வேண்டியவர்கள் அரண்மனைக்குள் இருந்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கத் தகுந்த உலோகம் பொன்.

'மீட்டவள்', 'நிலைநிறுத்தியவள்' என்று தன்னைச் சொல்கிறார், கவனித்தீர்களா? இன்னாரின் மகள் என்றோ இன்னாரின் மனைவி என்றோ சொல்லவில்லை. பட்டத்துக்குக் காரணமாகத் தன் வேலையைத்தான் காட்டுகிறார். எத்தனையோ நாட்டுக் காசுகளைப் பார்த்திருக்கிறேன், அரசிகள் வருகிற இடத்தில் இப்படி ஒரு வாசகம் எனக்குத் தென்பட்டதில்லை. அதனால்தான் இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வருவதில்லை.

பாரசீகம் என்றாலே தங்கம் கொட்டிக் கிடந்த நாடு என்று நினைத்திருந்தேன். நீங்கள் வெள்ளி வெள்ளி என்கிறீர்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் ஊர்ப் பக்கம் நடந்ததாக ஒரு கதை இருக்கிறது, அதையே பதிலாகச் சொல்கிறேன்.

ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர் எழுதிவைத்தது. சோபாத்ரோஸ் என்ற ரோம வணிகர் இலங்கையில் வந்து இறங்குகிறார். அதே நேரத்தில் ஒரு பாரசீகத் தூதரும் வந்திருக்கிறார். இலங்கை அரசர் இருவரையும் அழைத்து, உங்கள் இரு ராஜாக்களில் யார் பெரியவர் என்று கேட்கிறார். பாரசீகர் முந்திக்கொண்டு தன் ராஜாதான் என்று அளக்கிறார். சோபாத்ரோஸ் பேசவில்லை. 'இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்களே, நீங்களே பாருங்கள்' என்று சொல்லி இரு நாட்டுக் காசையும் காட்டச் சொல்கிறார். ரோமக் காசு பளபளக்கும் தங்கம், பாரசீகக் காசு வெள்ளி. அரசர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ரோமருக்கே வெற்றி என்கிறார். சோபாத்ரோஸை யானை மேல் ஏற்றி, மேளம் கொட்டி ஊர்வலம் விட்டார்களாம்.

கதையை எழுதியவர் ரோமர் பக்கத்து ஆள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அடிப்படை உண்மை. பாரசீக வணிகர்கள் இலங்கைக்கு வந்துபோனார்கள். மாந்தை அகழாய்வில் சாசானியப் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவர்கள் பையில் இருந்தது வெள்ளிதான்.

அதே நூற்றாண்டில் புரோகோப்பியஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பாரசீக ராஜா வெள்ளியில் இஷ்டப்படி அச்சிடலாம், பொன்னில் தன் முகத்தைப் போடுவது முறையல்ல, அது ரோமப் பேரரசருக்கு மட்டுமே உரியது என்று எழுதுகிறார். இது பெருமைப் பேச்சு. முதலாம் அர்தஷீர் தொடங்கியே சாசானிய அரசர்கள் தங்கள் முகத்தோடு பொன் தீனார் அச்சிட்டிருக்கிறார்கள். அளவில் குறைவு, அவ்வளவுதான். முடிசூட்டு, வெற்றி, வெகுமதி என்று விசேஷங்களுக்கு மட்டும். சம்பளம், வரி, வியாபாரம் எல்லாம் வெள்ளியில் நடந்தது.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் தங்கப் பாரசீகம் அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தையது, அகாமெனிய அரசு. முதலாம் டேரியஸ் காலத்தில் தொடங்கிய தாரிக் என்ற பொற்காசு, எடை எட்டரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, சுத்தமான தங்கம். அதில் வில்லேந்திய அரசர் முழங்காலை மடித்து ஓடுகிற மாதிரி இருப்பார். அந்த வரிசையில் பெண் உருவம் கிடையாது.

போரானுக்கு முன் பாரசீகக் காசில் பெண்ணே வந்ததில்லையா?
– வாசகர், வேலூர்

வந்திருக்கிறார்கள், எல்லோரும் யாரோ ஒரு ஆணின் பக்கத்தில். எலிமாயிஸ் என்ற சிற்றரசில் கி.மு. 80 வாக்கில் கம்னஸ்கீரஸ் அரசரோடு அவர் மனைவி அன்சாசே ஒரே பக்கத்தில் தெரிகிறார். சாசானியருக்கு முன் ஆண்ட பார்த்தியர் காலத்தில், கி.மு. 2 முதல் கி.பி. 4 வரை, மூசா என்ற அரசி மகனுடைய காசின் மறுபக்கத்தில் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார், 'வானுலகத் தெய்வம்' என்ற பட்டத்தோடு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பார்த்திய அரசருக்குப் பரிசாக அனுப்பிய இத்தாலிய அடிமைப் பெண் அவர் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். அதிகாரம் நிறையவே வைத்திருந்தவர். பார்த்தியக் காசு வெள்ளியும் வெண்கலமும்தான். சாசானியரில் இரண்டாம் பஹ்ராம் (274–293) தன் காசுகளில் அரசியையும் இளவரசரையும் சேர்த்துப் பொறித்தார், பொன்னிலும் உண்டு. அதில் முன்னால் நிற்பது ராஜாதான், அரசியின் முகம் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்.

தனியாக, தன் பெயரில், ஆட்சிக் கிரீடத்தோடு பாரசீகப் பொன்னில் வருகிறவர் போரான்.

போரான் ஒன்றரை ஆண்டுகூட ஆளவில்லை என்கிறார்கள். போரான் காசில் 'மூன்றாம் ஆண்டு' என்று இருப்பதாகப் படித்தேன். எது சரி?
– வாசகர், திருச்சி

இரண்டுமே சரி. தபரி கணக்கில் அவர் ஆட்சி ஒரு வருஷம் நாலு மாதம். காசில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று ஆட்சி ஆண்டும் இருக்கின்றன. கணக்கு இப்படி: சாசானியர் ஆட்சி ஆண்டை முடிசூடிய தேதியிலிருந்து எண்ணுவதில்லை, புத்தாண்டான நௌரூஸிலிருந்து எண்ணுவார்கள். அவர்கள் நாட்காட்டியில் லீப் நாள் இல்லாததால் நௌரூஸ் நகர்ந்து நகர்ந்து அந்தக் காலத்தில் ஜூன் நடுவுக்கு வந்திருந்தது. ஷஹர்பராஸ் கொல்லப்பட்டது 630 ஜூன் 9. போரான் உடனே அரியணை ஏறினார் என்றால், முதல் ஆண்டு ஒரு வாரத்திலேயே முடிந்துபோகிறது. நௌரூஸ் வந்ததும் இரண்டாம் ஆண்டு. அடுத்த வருஷம் ஜூனில் மூன்றாம் ஆண்டு. அதற்கப்புறம் சில மாதம்.

நடுவில் தங்கை ஆண்ட காலம் எங்கே பொருந்துகிறது, போரான் இரண்டு முறை அரியணை ஏறினாரா என்பதில் அறிஞர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. இந்த வாதத்தில் ஏடுகளைவிடக் காசுதான் பெரிய சாட்சி. பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசி தன் காவியத்தில் அவருக்கு ஆறே மாதம் கொடுக்கிறார். சீஸ்தான் போன்ற தொலைதூர மாகாணத்து அக்கசாலையிலும் அவர் பெயரில் காசு விழுந்திருக்கிறது. தலைநகரிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்தவர்களும் அவரை அரசியாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதோடு ஒரு செய்தி. கடைசிச் சாசானியர் மூன்றாம் யஸ்தகர்த் 632-இல் முடிசூடினார். அவருக்குப் பின் புது அரசர் வராததால் அவருடைய ஆட்சி ஆண்டு எண்ணிக்கை நிற்கவே இல்லை. மும்பைப் பார்சிகளின் நாட்காட்டி இன்றும் அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது.

அவர் எப்படி இறந்தார்?
– வாசகி, சேலம்

கழுத்தை நெரித்துக் கொன்றதாக ஒரு பழைய சிரியாக் ஏடு சொல்கிறது. நோயில் இறந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. தங்கையின் முடிவு இன்னும் கொடூரம். தன்னை மணக்கக் கேட்ட தளபதி ஃபரூக் ஹோர்மிஸ்தை அவர் கொல்ல வைத்தார். அந்தத் தளபதியின் மகன் ருஸ்தம் படையோடு வந்து அவர் கண்ணைக் குருடாக்கிக் கொன்றார். பின்னாளில் காதிஸியாப் போரில் அரபுப் படையிடம் விழுந்த ருஸ்தம் இவர்தான்.

வளைகுடாவில் வேலை பார்த்த என் மாமனார் கொண்டுவந்த தங்க வில்லை ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு ஆண், ஒரு பெண், இருவர் தலையிலும் கிரீடம். பாரசீக எழுத்து. நீங்கள் சொல்லும் அரசியா இது?
– வாசகி, கீழக்கரை

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இது 1967 அக்டோபரில் ஈரானின் ஷா முகமது ரெசா பஹ்லவியும் ஃபராவும் முடிசூடியபோது வந்த நினைவுப் பதக்க வகை. எழுத்து நாம் இன்று பார்க்கும் பாரசீக-அரபு எழுத்து. போரான் காலத்துக் காசில் அந்த எழுத்து வராது, அது பஹ்லவி. போரான் காசில் அவர் தனியாகத்தான் இருப்பார், பக்கத்தில் ஆண் முகம் வராது. தங்கம் உண்மையா என்று நம்பிக்கையான நகைக்கடையில் மாற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள், உரைகல்லில் தேய்க்க மட்டும் விடாதீர்கள். தேய்த்த இடம் தேய்த்ததுதான். இப்போது காரட் மீட்டரில் கீறாமலே பார்க்கலாம். மாமனார் எந்த ஊரில், எப்போது வாங்கினார் என்று தெரிந்தால் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

'பண்டைப் பாரசீக அரசியின் அசல் பொற்காசு' என்று ஒருவர் விலை பேசுகிறார். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். போரானின் பொற்காசு வாட்ஸ்அப்பில் விலை பேசுகிற பொருள் இல்லை. அப்படி ஒன்று புதிதாக வெளியே வந்தால் உலகத்து நாணயவியலாளர்கள் அத்தனை பேரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பொதுவாகப் பழைய காசு வாங்கும்போது, அச்சடித்ததா வார்த்ததா என்பதை முதலில் பாருங்கள். பழைய காசுகள் இரண்டு அச்சுக்கு நடுவே தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தவை. போலிகளில் நிறைய வார்ப்பு. லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குழி தெரியும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும், எழுத்தின் ஓரம் கூர்மை இல்லாமல் மழுங்கியிருக்கும். அப்புறம், இதுவரை யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த காசு நம் சட்டத்தில் தொல்பொருள், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி. விற்பதற்கும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

சாசானியக் காசு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. குஸ்ரோவின் வெள்ளித் திரம்மத்தை ரசீது தருகிற, பேர் உள்ள ஏலக்காரரிடம் வாங்குங்கள்.

நான் வரலாறு இளங்கலை படிக்கிறேன். பஹ்லவி எழுத்தைச் சொந்தமாகக் கற்றுக்கொள்ள முடியுமா? காசில் இருப்பதை மட்டும் படித்தால் போதும்.
– மாணவி, தஞ்சாவூர்

தாராளமாக முடியும், கண்ணம்மா. பஹ்லவி நூல்களைப் படிப்பது கஷ்டம், ஏனென்றால் ஒரே வடிவம் பல ஒலிக்கு நிற்கும். காசு அப்படியில்லை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், வருகிற சொற்கள் கைவிரல் அளவுதான்: அரசர் பெயர், வாழ்த்து, ஆண்டு, ஊர்ச் சுருக்கம். இந்தத் துறையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பரூக் என்ற பார்சி அறிஞர் 1924-லேயே மும்பையிலிருந்து சாசானியக் காசுகளுக்கென்று ஒரு பெரிய நூல் வெளியிட்டார்.

ஆண்டிலிருந்து தொடங்கு. அதை எண் குறியாக எழுதாமல் சொல்லாகவே எழுதுவார்கள். ஒன்று முதல் பத்து வரை அரமேயச் சொற்கள், பதினொன்றிலிருந்து பாரசீகச் சொற்கள். குஸ்ரோவுக்கு முப்பத்தொன்பது வரை பழக வேண்டும். போரானுக்கு முதல் மூன்று போதும். அந்த மூன்றையும் பெயரையும் பெரிதாக எழுதிய ஒரு தாள் என்னிடம் இருக்கிறது, மாணவர்களுக்காக முன்பு தயாரித்தது. முகவரி எழுதிய உறை ஒன்று பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பு, நகல் எடுத்துப் போட்டு அனுப்புகிறேன்.